எனாமலா, அக்ரிலிக்கா, லாக்கரா? ஒரு ஸ்பிட்ஃபயரும் மூன்று வகைப் பெயின்ட்டும்

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக்கில் மாதிரியாகச் செய்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். நிஜத்தில் 11.23 மீட்டர் இருக்கும் இறக்கை, இங்கே முனைக்கு முனை 156 மில்லிமீட்டர்தான். அதன் மேல் வெறும் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் ஏறினாலும், நிஜ விமானத்தில் ஏழு மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பியதற்குச் சமம். தகடுகளின் கோடுகள் தூர்ந்துபோகும், ஆணித் தலைகள் மறையும், பொம்மைக் களை வந்துவிடும். அதனால், பெயின்ட் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, எவ்வளவு மெல்லிசாகப் படியும் என்பதைத்தான். நிறம் அதற்கு அப்புறம்.

வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது 1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர். மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும், அடியில் இளம்பச்சை சாயல் கொண்ட ‘ஸ்கை’ நிறம்.

எனாமல் என்றாலே பலருக்கு ஹம்ப்ரோல்தான். 1919இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் தொடங்கிய நிறுவனம். 14 மில்லி பிடிக்கும் குட்டித் தகர டப்பா. 29ஆம் எண் மண் பழுப்பு, 30ஆம் எண் கரும்பச்சை. ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பித் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கும், நிறமெல்லாம் அடியில் களிமண் மாதிரி கிடக்கும். பொறுமையாக அடிவரை கலக்காமல் பிரஷை விட்டால் பளபளவென்று திட்டுத் திட்டாகக் காயும். பழைய டப்பாவாக இருந்தால் பால் மேல் ஏடு போல ஒரு தோல் படிந்திருக்கும். அதை உடைத்துக் கலக்காமல் முழுசாக எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில், பெயின்ட்டை இளக்கி வைத்திருக்கும் தின்னர் ஆவியாகும். பிறகு எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டிப்படும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், முழுசாக இறுக ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இந்தத் தாமதத்தைக் குறை என்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். மெதுவாகக் காய்வதால்தான் பிரஷ் தடங்கள் தாமாகவே சமனாகின்றன. ராத்திரிக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால், காயும் நேரம் நம் அலுவலக நேரத்தில் கழிந்துவிடும். வாடைதான் நிஜமான தொல்லை. பிரஷ் கழுவ டர்பன்டைனோ ஒயிட் ஸ்பிரிட்டோ வேண்டும். குழந்தைகள் தூங்கும் ஒற்றை அறை வீட்டுக்கு இது ஒத்துவராது.

அக்ரிலிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. புதிதாக வருகிறவர்களை இதுதான் அதிகம் குழப்புகிறது. ஸ்பெயின் நாட்டு வலேஹோவின் மாடல் கலர் வரிசை தண்ணீரில் கலப்பது. ஜப்பானின் தமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் சார்ந்த கரைப்பான் இருக்கிறது. முதலாவது பிரஷுக்கென்றே பிறந்தது. சொட்டுச் சொட்டாக விடும் பாட்டில். பெயின்ட் காயாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டில் இரண்டு சொட்டுக்கு ஒரு சொட்டு தண்ணீர் சேர்த்து, கெட்டியாக ஒரு பூச்சு போடாமல் மெல்லிசாக மூன்று பூச்சு போட வேண்டும். முதல் பூச்சு கேவலமாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மூன்றாவதில் மூடிக்கொள்ளும். விமானி அறைக் கண்ணாடியின் சட்டம் போன்ற மயிரிழை வேலைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில் பிடிமானம் குறைவு. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல், அடுத்த நிறம் படாதபடி மறைக்கும் மாஸ்கிங் டேப்பை மேலே ஒட்டினால், டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வரும்.

தமியா அக்ரிலிக்கைப் பிரஷால் பூசினால், இரண்டாவது இழுப்பு முதல் பூச்சைக் கரைத்துக் கிளப்பும். காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷில் ஊற்றினால் அதே பெயின்ட் பட்டுப்போல் படியும். சரிக்குச் சரி தின்னர், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், 0.3 மில்லிமீட்டர் நாசில். உருமறைப்பு நிறங்களின் விளிம்பு மென்மையாக ஒன்றில் ஒன்று கரைவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

லாக்கரில் ஜப்பானின் மிஸ்டர் கலர் பெயர்போனது. கரைப்பான் கடுமையானது, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை லேசாக இளக்கி அதோடு கடித்துக்கொள்ளும். மூன்றிலும் மெல்லிய படலம் இதில்தான். நிமிடங்களில் காய்ந்து, அன்றைக்கே டேப் ஒட்டலாம். பூச்சின் தரம் மட்டும் கணக்கென்றால் போட்டியே இல்லை. ஆனால் அந்த ஆவியை மூச்சில் ஏற்றக்கூடாது. துணி முகக்கவசமும் என்95-உம் தூசியைத்தான் தடுக்கும். கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் இல்லாமல் லாக்கரைத் திறக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஐப்பசி மழை நாளில் சென்னையில் லாக்கர் அடித்தால், காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெண்மை பூத்துவிடுவதும் உண்டு. காய்வதைத் தாமதப்படுத்தும் லெவலிங் தின்னர் கொஞ்சம் காப்பாற்றும். வெயில் வரும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது.

எது மேல், எது கீழ் என்பதும் முக்கியம். ஒருமுறை, மூன்று வாரம் உழைத்த ஓர் இறக்கையில், சரியாக இறுகாத எனாமல் மேல் லாக்கர் வார்னிஷ் அடித்தேன். கண் முன்னாலேயே காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சுருங்கியது. சிராய்த்து, முதலிலிருந்து பூச வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கடுமையான கரைப்பான் எப்போதும் கீழே, மென்மையானது மேலே.

ஆகவே பிரஷ் மட்டும்தான் கையில் என்றால், பால்கனியில் நின்று ஸ்பிரே பிரைமர் அடித்துவிட்டு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வாங்குங்கள். ஏர்பிரஷ் இருந்தும் தனி அறை இல்லையென்றால் தமியா அக்ரிலிக். அதற்கும் ஜன்னலும் முகமூடியும் வேண்டும். காற்றோட்டமான தனி இடம் அமைந்தால் தயங்காமல் லாக்கர்.

அப்படியானால் எனாமல் எங்கே? கடைசி ராத்திரிக்கு. அக்ரிலிக் நிறங்கள் நன்றாகக் காய்ந்து, பளபளப்பான வார்னிஷும் இறுகிய பிறகு, கரும்பழுப்பு எனாமலை டர்பன்டைனில் தண்ணீர் பதத்துக்கு இளக்கி, நுனி பிரஷால் ஒரு கோட்டின் முனையைத் தொடுங்கள். தகடுகளுக்கு இடையிலான பள்ளத்தில் அது தானாகவே ஓடும். அடியிலுள்ள அக்ரிலிக்கை அந்தத் தின்னர் தொடாது. அரை மணி கழித்து, பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, பறக்கும்போது காற்று ஓடும் திசையிலேயே முன்னிருந்து பின்னாகத் துடைத்தால், கோட்டில் மட்டும் அழுக்கு தங்கும். இந்த ஒரு வேலைக்கு நான் எனாமலை விட்டு வேறு எதற்கும் போவதில்லை.