செலவா, வருமானமா, வீட்டுப் பொருளா: நாடுகளின் வாழ்க்கைத்தரத்தை எதை வைத்து அளப்பது?

ஒரு நாட்டில் சாதாரணக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று கேட்டால், பலரும் உடனே தனிநபர் ஜிடிபியை (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்த எண்) எடுத்து வைக்கிறார்கள். அரசு வாங்கும் ஆயுதமும் கம்பெனி கட்டும் ஆலையும் சேர்ந்த எண் அது. நைஜீரியா 2014-இல் அடிப்படை ஆண்டை, அதாவது கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் ஆண்டை, மாற்றிக் கணக்குப் போட்டதும் அதன் ஜிடிபி 89 சதவீதம் உயர்ந்தது. எந்த வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்கும் சர்வேதான் சரியான வழி. ஆனால் எதைக் கேட்பது? இதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

முதலாவது, வருமானம். லத்தீன் அமெரிக்க நாடுகள் பெரும்பாலும் இதையே நம்புகின்றன. மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊரில் இது சுலபம், ஒரே கேள்வியில் முடிந்துவிடும். விவசாயியிடம் போனால் சிக்கல்தான். அறுவடை மாதத்தில் கை நிறையக் காசு, விதைப்பு மாதத்தில் கடன். எந்த மாதத்தில் போய்க் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தே அவர் ஏழையா இல்லையா என்பது முடிவாகும்.

இரண்டாவது, நுகர்வுச் செலவு. இந்தியா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் போகின்றன. வருமானம் ஏறி இறங்கினாலும் குடும்பம் அடுப்பை எரியவிடத்தான் பார்க்கும். அதனால் செலவு வாழ்க்கைக்கு நெருக்கமானது. சொந்த வயலில் விளைந்து வீட்டில் சமைத்ததையும் விலை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனாலும் கேள்வித்தாளைப் பார்க்காமல் இந்த எண்களை நம்பக் கூடாது.

காரணம் இதுதான். "போன 30 நாளில் காய்கறிக்கு, எண்ணெய்க்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் பாதி மறந்துபோயிருக்கும். "போன 7 நாளில்?" என்று கேட்டால் நினைவு தெளிவாக வரும், தொகையும் கூடும். இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தது. உணவுக்கு 7 நாள், எப்போதாவது வாங்கும் பொருளுக்கு 365 நாள் என்று மாற்றிக் கேட்டதுமே வறியவர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாட்டில் எதுவும் மாறவில்லை. மாறியது கேள்வி மட்டும்தான். அடுத்து 1999-2000 சுற்றில் உணவுக்கு 7 நாள், 30 நாள் என இரண்டு கேள்விகளையும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து கேட்டார்கள். சொல்பவரும் குறிப்பவரும் ஒன்றுக்கு ஏற்றபடி மற்றதைச் சரிக்கட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது, பழைய சுற்றுகளோடு ஒப்பிட வழியில்லாமல் போனது. ஒரே நாட்டுக்குள் இந்தக் கதி என்றால், ஆளுக்கொரு கேள்வித்தாள் வைத்திருக்கும் இரண்டு நாடுகளை என்ன சொல்ல?

இலவசப் பொருள் இன்னொரு தலைவலி. இந்தியாவின் 2022-23 ஆய்வில் கிராமத்தில் ஒருவருக்கு மாதச் சராசரிச் செலவு 3,773 ரூபாய். ரேஷன் அரிசி, மடிக்கணினி, சைக்கிள் போன்ற இலவசங்களுக்கு விலை போட்டுச் சேர்த்தால் 3,860. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியமும் அரசுப் பள்ளிப் படிப்பும் இதில் வரவேயில்லை. வைத்தியத்துக்குக் கைக்காசு போடும் நாட்டில் அதே சிகிச்சை செலவாகப் பதிவாகி, அந்தக் குடும்பம் வசதியானதுபோலத் தெரியும். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

மூன்றாவது, வீட்டுப் பொருள். டிவி, ஃபிரிட்ஜ், கழிப்பறை, தரை மண்ணா சிமென்ட்டா என்று பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் குறியீடு போடுவது. ஃபில்மர், பிரிட்செட் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியக் குடும்ப நலச் சர்வே தரவை வைத்து 2001-இல் இதைப் பிரபலமாக்கினார்கள். ஞாபக மறதிக்கு இதில் அவ்வளவாக இடமில்லை, பண மாற்றுக் கணக்கும் தேவையில்லை. ஆல்வின் யங் என்ற பொருளியலாளர் 2012-இல் இத்தகைய தரவை எடுத்து, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் நுகர்வு ஆண்டுக்கு சுமார் 3.5 சதவீதம் வளர்கிறது, சர்வதேசப் புள்ளிவிவரங்கள் சொல்வதைவிட மூன்று நான்கு மடங்கு இது, என்றார். பொருள்களின் விலை மலிந்ததையும் மக்களின் விருப்பம் மாறியதையும் வளர்ச்சி என்று எண்ணிவிட்டார் என்று மறுத்தவர்களும் உண்டு. செல்போனை நினைத்துப் பாருங்கள், அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, இந்தக் குறியீட்டுக்கு நெருக்கடி கண்ணில் படாது. இலங்கையில் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட வீட்டிலும் டிவி இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், சிமென்ட் தரையும் அப்படியே.

எதைத் தேர்ந்தாலும் சராசரியை மட்டும் பார்ப்பது ஆபத்து. இலங்கையின் 2019 ஆய்வில் குடும்ப மாத வருமானத்தின் சராசரி 76,414 ரூபாய். குடும்பங்களை வரிசையாக நிறுத்தி நடுவில் உள்ளதைப் பார்த்தால் 53,333தான். மேலே உள்ள சிலர் சராசரியை இழுத்துவிடுகிறார்கள். பெரும் பணக்காரர் வீட்டுக் கதவு கணக்கெடுப்பாளருக்கு லேசில் திறப்பதில்லை என்பதால், உண்மைச் சராசரி இன்னும் மேலே போகலாம். நடுக் குடும்பத்தின் எண் அவ்வளவாக அசையாது.

பணத்தை மாற்றும்போது சந்தை விலையில் மாற்றாதீர்கள். சந்தையில் டாலர் 80 ரூபாயைத் தாண்டினாலும், வாங்கும் திறன் கணக்கில், அதாவது ஒரே பொருள்களை இரு நாட்டிலும் வாங்க ஆகும் செலவை ஒப்பிடும் கணக்கில், இந்தியாவுக்கு அது 20 ரூபாயை ஒட்டியே வரும்.

ஆக, நான் ஒப்பிடுவதென்றால் செலவுச் சர்வேயில் நடுக் குடும்பத்தின் எண்ணை எடுப்பேன். அதுவும் ஒரே மாதிரி கேட்ட நாடுகளுக்குள் மட்டும். பொருள் குறியீட்டைப் பக்கத்தில் சாட்சியாக வைத்துக்கொள்வேன், செலவுச் சர்வே நடக்காத நாட்டில் அதையே நம்புவேன். அந்தச் சாட்சிக்கும் இப்போது ஆபத்து. பல ஏழை நாடுகளில் வீட்டுப் பொருள் தரவைத் திரட்டிவந்த டிஎச்எஸ் (மக்கள்தொகை, உடல்நல) சர்வேக்களுக்கான நிதியை அமெரிக்க அரசு 2025-இல் நிறுத்திவிட்டது.