‘சுகர் ஃப்ரீ ஐசிங் சுகர்’ வாங்குமுன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேக் ஆர்டர் எடுப்பவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காக வீட்டில் கேக் செய்பவர்களும் அவசியம் படிக்க வேண்டிய பதிவு இது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயரில், வேறு வேறு பையில் வரலாம் என்பதால், சரக்கை அடையாளம் காணத் தெரிவதுதான் முக்கியம்.

எரித்ரிட்டாலில், அதாவது சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் கலோரி மிகக் குறைந்த இனிப்பில், செய்த ஐசிங் சுகர் என்று ஆன்லைனில் விற்ற ஒரு கிலோ பாக்கெட் எங்கள் கைக்கு வந்தது. முன்பக்கம் பச்சை இலைப் படம், ‘கீட்டோ’, ‘டயபட்டிக் ஃப்ரெண்ட்லி’, ‘சுகர் ஃப்ரீ’. பின்பக்கம் சீல் மடிப்பில் பாதி மறைந்த பொடி எழுத்தில் சேர்மானங்கள்: மால்டோடெக்ஸ்ட்ரின், எரித்ரிட்டால் (968), செயற்கை இனிப்பான சுக்ரலோஸ் (955), கட்டி பிடிக்காமல் இருக்க 551. சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் போட வேண்டும். ஆக, பையில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின். எரித்ரிட்டால் பெயருக்கு, இனிப்பு சுக்ரலோஸில்.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்த பொடி. கிராமுக்கு 4 கலோரி. ரத்தச் சர்க்கரையைக் கிட்டத்தட்ட குளுக்கோஸ் வேகத்தில் ஏற்றும். சாதாரணச் சர்க்கரையே அதைவிட மெதுவு. ஒரு துண்டு கேக்கின் ஐசிங்கில் இந்தப் பொடி 30 கிராம் இருந்தால், கணக்கில் வராத மாவுச்சத்து 25 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. இன்சுலின் போடுபவர் இதை நம்பி அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் கோபம் வருவது எங்கே என்றால், ‘சுகர் ஃப்ரீ’ என்ற வார்த்தையை மட்டும் வைத்து இவர்களைப் பிடிக்க முடியாது. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இடம் தருகிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் அந்தக் கணக்கில் ‘சர்க்கரை’ ஆகாது, மொத்தக் கார்போஹைட்ரேட்டில் போய்விடும். எங்கள் பாக்கெட்டில் சர்க்கரை 0.4 கிராம், ஆற்றல் 368 கலோரி! ஆகவே சர்க்கரை வரியைப் பார்த்து ஏமாறாமல் ஆற்றல் வரியைப் பாருங்கள். அதையும் 100 கிராமுக்கு உரிய கட்டத்தில் பாருங்கள். ‘ஒரு பரிமாறலுக்கு 1 கிராம், 4 கலோரி’ என்று பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டிருப்பார்கள். சுத்த எரித்ரிட்டால் என்றால் 100 கிராமுக்கு 20 கலோரிதான். கார்ன்ஃப்ளோர் கொஞ்சம் சேர்த்திருந்தாலும் 40-ஐத் தாண்டக் காரணமில்லை.

லேபிளே பொய் என்றால்? அடுப்பில் தெரிந்துவிடும். ஒரு டீஸ்பூன் பொடியைச் சுத்தமான எவர்சில்வர் கரண்டியில் போட்டு, மிகச் சிறிய தீயில் காட்டுங்கள். எரித்ரிட்டால் 121 டிகிரியில் உருகித் தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கும், நிறம் மாறாது. ஆறியதும் வெள்ளையாக உறையும். சாதாரணச் சர்க்கரை பழுப்பாகிக் கேரமல் வாசனை வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் தெளிவாக உருகவே உருகாது. ஓரம் பழுத்து, கருகி, ரொட்டி தீய்ந்த வாடை அடிக்கும். எங்கள் பாக்கெட்டுப் பொடி கரண்டியில் ஒட்டிக் கருகியதைச் சுரண்டி எடுக்கவே தனி வேலை. நாக்கிலும் ஒரு தடயம் உண்டு: எரித்ரிட்டால் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் புதினா மிட்டாய் போலச் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பே இல்லை என்றால் சந்தேகப்படலாம். மாவுச்சத்து இருந்தால் நீலமாகும் என்று பெட்டாடின் (அயோடின் மருந்து) சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. நல்ல ஐசிங் சுகரிலும் கார்ன்ஃப்ளோர் இருக்கும், அதுவும் நீலமாகும்.

கேக்கிலும் குட்டு வெளிப்பட்டது. கிளேஸ், அதாவது பொடியைக் கரைத்து மேலே ஊற்றும் பூச்சு, இறுகவே இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் ஈரத்தை வாங்கிப் பசை போலாகும். கேக்கின் மேல்பரப்பைத் தொட்டால் விரலில் இழுத்துக்கொண்டு வந்தது.

இதையெல்லாம் தவிர்க்க, குருணையாக வரும் எரித்ரிட்டாலை வாங்கி வீட்டிலேயே பொடிப்பது நல்லது. பளபளக்கும் படிகத்தில் கலப்படம் செய்வது கடினம், பொடியில் சுலபம். அளவு: எரித்ரிட்டால் 200 கிராம், கார்ன்ஃப்ளோர் தலைதட்டிய ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 8 கிராம். கார்ன்ஃப்ளோர் என்றால் வெள்ளை ஸ்டார்ச். மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. கூவைக்கிழங்கு மாவும் ஆகும். மிக்ஸியின் சின்ன எவர்சில்வர் ஜாரில் அரையுங்கள். பிளாஸ்டிக் ஜார் என்றால் படிகம் கீறிக் கீறி மங்கிவிடும். ஜாரில் துளி ஈரமும் கூடாது, சீரக வாசனையும் கூடாது. 20 விநாடி ஓட்டி நிறுத்துங்கள், ஜாரைக் குலுக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள்; இப்படி நாலைந்து தடவை. ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகி, பொடி அடியில் கட்டியாக அப்பிக்கொள்ளும். நிறுத்தியதும் உடனே மூடியைத் திறக்காதீர்கள், 5 நிமிடம் தூசு அடங்கட்டும். மூக்கில் ஏறினால் இருமல் நிற்காது. பிறகு மைதா சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை மறுபடி ஜாரில் போடுங்கள். இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது.

எரித்ரிட்டாலின் இனிப்பு சர்க்கரையில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். அதை ஈடுகட்ட ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இதே மோசடி அங்கேயும் உண்டு என்பது. சுத்தமான ஸ்டீவியா சாறு சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. 200 கிராம் எரித்ரிட்டாலுக்குக் கால் கிராம் போதும், நகைத் தராசில்தான் நிறுக்க முடியும். ‘ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஒரு ஸ்பூன்’ என்று விற்கும் ஸ்டீவியா பொடியில் மீதி முழுவதும் நிரப்புப் பொருள். அது எரித்ரிட்டாலா, மால்டோடெக்ஸ்ட்ரினா, டெக்ஸ்ட்ரோஸா (குளுக்கோஸேதான்) என்று பாருங்கள்.

சுத்தமான எரித்ரிட்டாலுக்கும் குறை உண்டு. தண்ணீரில் சர்க்கரை அளவுக்குக் கரையாது. அதனால் தண்ணீர் கிளேஸ் மறுநாள் மணல் மணலாகத் திரும்பிவிடும். வெண்ணெய் கிரீம், கிரீம் சீஸ் போல் கொழுப்பு உள்ளதில் போட்டு, அன்றைக்கே பரிமாறுவது உத்தமம். ஒரே வேளையில் 40, 50 கிராமுக்கு மேல் போனால் சிலருக்கு வயிறு கலங்கும். சைலிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பில் நறநறப்பு குறைவு, இனிப்பும் சர்க்கரைக்குச் சமம். ஆனால் நாய் உள்ள வீட்டில் அதைக் கொண்டுவராதீர்கள், கொஞ்சமே தின்றாலும் நாய்க்கு உயிராபத்து.

கருப்பட்டி, தேங்காய்ச் சர்க்கரை, பனங்கற்கண்டு ஆகியவற்றைப் பொடித்து ‘டயபட்டிக் ஐசிங்’ என்று விற்பதும் நடக்கிறது. எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான். ருசிக்காக வாங்குங்கள், நோய்க்காக வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கக் கேட்டதற்கு வந்த பதில்: ‘பிரித்த பாக்கெட் எடுப்பதில்லை, சுகர் ஃப்ரீ என்றுதானே போட்டிருக்கிறோம்’. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பையைத் தூக்கிப் போடாதீர்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் புகார் கொடுங்கள். புகாரில் ‘சுகர் ஃப்ரீ’ என்பதைப் பிடித்துக்கொண்டு வாதாடாமல், ‘எரித்ரிட்டாலில் செய்தது’, ‘டயபட்டிக் ஃப்ரெண்ட்லி’ என்ற இரண்டையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் 368 கலோரி மாதிரி உங்கள் பையில் உள்ள எண்ணை எழுதுங்கள். பொடியில் 100 கிராமைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியே எடுத்து வையுங்கள், ஆய்வுக்குக் கேட்டால் கொடுக்க.