கையால் களைவதா, மருந்தா, அடர்ந்த புல்லா: மலை வீட்டுப் புல்தரையில் க்ராப்கிராஸ்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலோரம் தரையோடு தரையாகப் படர்ந்திருந்த புல்லை அருகு (அருகம்புல்) என்று நம்பி, இரண்டு மழைக்காலம் அதை அப்படியே விட்டுவைத்தோம். அது க்ராப்கிராஸ் (crabgrass) என்னும் களைப்புல் என்று தெரிந்தபோது, அதன் விதைகள் புல்தரை முழுவதும் விழுந்திருந்தன. ஆகவே, எந்த வழியில் தடுப்பது என்று யோசிப்பதற்கு முன், பிடுங்கப்போவது எந்தப் புல் என்பதில் உறுதி வேண்டும்.

அருகும் க்ராப்கிராஸும் பூங்கதிரை விரல்களைப் போல விரிப்பதால்தான் குழப்பம் வருகிறது. அருகின் விரல்கள் அநேகமாக ஒரே புள்ளியில் இருந்து பிரியும். க்ராப்கிராஸின் விரல்கள் காம்பின் நுனியில் சற்று மேலும் கீழுமாகவும் பிரிவதுண்டு. இதைவிட நம்பகமான அடையாளம், இலை தண்டைத் தொடும் இடத்தில் இருக்கிறது. இலையை மெதுவாகப் பின்னுக்கு வளைத்து வெளிச்சத்தில் பிடித்தால், அருகம்புல்லில் பொடி மயிர் வரிசையும், க்ராப்கிராஸில் கண்ணாடித்தாள் போன்ற சிறு சவ்வும் தெரியும். வேரோடு எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்: மண்ணுக்கடியில் ஓடும் வெள்ளைத் தண்டு அருகுக்கு உண்டு, க்ராப்கிராஸுக்குக் கிடையாது, க்ராப்கிராஸின் தண்டு மண்மீது கிடந்து கணுவுக்குக் கணு வேர்விடும், அடிப்பகுதி பெரும்பாலும் செந்நீலமாக இருக்கும். நம் மலைகளில் எங்கும் பரவியுள்ள கிக்குயு புல் விரல் கதிர் விடுவதே இல்லை என்பதால், அதை எளிதில் ஒதுக்கிவிடலாம்.

அருகு பல்லாண்டுப் பயிர். க்ராப்கிராஸ் ஓராண்டுச் செடி. தடுப்பு முறைகளின் பலமும் பலவீனமும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளன. உதகையின் பள்ளங்களில் விழும் உறைபனி வளர்ந்த செடிகளைக் கருக்கிவிடும் என்றாலும், மண்ணில் கிடக்கும் விதைகளை அது ஒன்றும் செய்யாது. மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாள் நிலைத்து ஈரமும் கிடைத்தால், அவை முளைத்துவிடும். தடையின்றி வளரும் ஒரே செடி 1,50,000 விதைகள் வரை உதிர்க்கக்கூடும்.

முளைப்பதற்கு முன் இடும் பெண்டிமெத்தலின் போன்ற களைக்கொல்லி மருந்துகள் சமவெளியின் பெரிய திடல்களுக்குப் பொருந்தலாம். விதை முளைவிடும் முன்பே இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். முளைத்து வளர்ந்த செடியிடம் அவை பயன்படா. இட்டபின் சில மாதங்களுக்குப் புதிய புல்விதையும் தூவ முடியாது. மலைச்சரிவில் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும் இம்மருந்து, கோடை மழையில் அரித்து ஓடும் மண்ணோடு ஓடைக்குப் போய்ச் சேரும். அது மீன்களுக்குக் கடும் நஞ்சு. கீழ்த்தெருவில் குடிநீர் எடுக்கும் ஓடை இருக்கும் இடத்தில், ஒரு புல்லுக்காக இதைக் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புல்லைச் சுமார் 3 அங்குல உயரத்தில் விட்டு வெட்டுவது செலவில்லாத வழி. மண்மேல் நிழல் விழுந்தால் விதைகள் முளைப்பது குறையும். நாள்தோறும் தெளித்து மேல்மண்ணை ஈரமாக வைக்காமல், எப்போதாவது ஆழ நனைப்பதும் உதவும். மொட்டையாக வெட்டப்பட்ட இடங்களிலும், நடைபாதை ஓரத்து இறுகிய மண்ணிலும்தான் இக்களை முதலில் தலைகாட்டும் என்பதால், அங்கே மண்ணைக் கிளறி, இருக்கும் புல்லையே பதியம் வைத்து மூடிவிட வேண்டும். கிக்குயுவைக் கொண்டு மூடினால் க்ராப்கிராஸ் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பக்கத்துத் தேயிலை வரப்பையும் சோலையோரப் புல்வெளியையும் விழுங்கும் ஊடுருவிப் புல் என்பதால், அதைப் புதிதாக நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சிய செடிகளுக்குக் கைதான் சிறந்தது. மழை நின்ற மறுநாள் மண் இளகியிருக்கும்போது, கதிர் விடும் முன்னரே, நடுக்கொத்தைப் பிடித்துக் கணுவேர்களோடு மெல்ல உரித்தெடுக்க வேண்டும். கதிர் விட்டுவிட்டவற்றை எருக்குழியில் போடாமல் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். விதைகள் மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால், இந்த வேலையை அடுத்த கோடை மழைக்கும் அதற்கடுத்த கோடை மழைக்கும் தொடர வேண்டியிருக்கும்.