புதுக் கோமாளி மீன்: விட்டுப் பிடிப்பதா, வலையில் பிடிப்பதா?

விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் இருக்கும். சும்மா ஒரு டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தேன். அன்று மாலைதான் விட்ட இரண்டு ஆசெலாரிஸ் கோமாளி மீன்களில் ஒன்று ஹீட்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி, ஒருக்களித்துக் கிடந்தது. வால் நுனி மட்டும் லேசாக அசைந்தது. போச்சு என்று வலையைத் தேடி எடுத்து வருவதற்குள் அது நிமிர்ந்து என்னை முறைத்தது. தூங்கிக்கொண்டிருந்த மீனை எழுப்பிவிட்டிருக்கிறேன்.

இப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், மீன் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாக நிற்பார்கள். "சும்மா விடு, ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்பது ஒரு கட்சி. "பிடித்துத் தனித் தொட்டியில் போடு, அப்புறம் யோசி" என்பது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் மீனைப் பறிகொடுத்திருக்கிறேன். என் அனுபவத்தில், நம்மைப் பதறவைக்கும் சேட்டைகள் பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை. நாம் நின்று ரசிக்கும் ஒன்றிரண்டில்தான் வில்லங்கம் இருக்கிறது.

முதலில் விட்டுப் பிடிப்பவர்களின் நியாயம். கோமாளி மீன் பிறவியிலேயே நல்ல நீச்சல்காரன் இல்லை. கடலில் தான் குடியிருக்கும் கடல் சாமந்தியை (அனிமோன்) விட்டுச் சில மீட்டருக்கு மேல் போகாத பிராணி அது. வட்டமான சின்னத் துடுப்புகளை அடித்து, உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித்தான் நகரும். வேறு மீன்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நோயாளி நடை. மேல் மூலையில் ஒதுங்கி நிற்பது, கண்ணாடியில் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டுவது, முதல் இரண்டு நாள் தீனியைத் திரும்பிப் பார்க்காதது எல்லாம் இடம் மாறிய மீன் செய்வதுதான். கடல் சாமந்தி வாங்கி வைத்தும் அதைச் சீண்டாமல் பம்ப்பைக் கட்டிக்கொள்கிறதே என்பார்கள். பண்ணையில் பிறந்து வளர்ந்த மீன் சாமந்தியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அதற்குப் பம்ப்பும் சாமந்தியும் ஒன்றுதான்.

எல்லோரையும் கலங்கவைப்பது அந்த நடுக்கம். ஜோடியாக விட்டால், சிறியது பெரியதன் முன்னால் சாய்ந்து, சாமி வந்தது போலத் தலை முதல் வால் வரை உதறும். சில நொடிதான், மறுபடி நீந்தும், மறுபடி உதறும். முதல் முறை பார்த்தபோது வலிப்பு என்றே நினைத்தேன். உண்மையில் அது கும்பிடு. கோமாளி மீன்கள் முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறக்கூடியவை. ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். "நீதான் பெரியவள், என்னைக் கடிக்காதே" என்று சின்னது சொல்லும் மொழி இந்த உதறல். இதைப் பார்த்துப் பிரித்து வைத்தால் கூடிவந்த குடும்பத்தைக் கலைத்த பாவம்தான் மிச்சம்.

கும்பிட்ட பிறகும் பெரியது விடாமல் துரத்தி, சின்னதன் துடுப்பைக் கிழித்தால் கதை வேறு. அதற்கும் வலையோ மருந்தோ தேவையில்லை. துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, துரத்துகிறவரைச் சில நாள் உள்ளே வைத்தால் போதும்.

இனி வலைக் கட்சி. இவர்கள் அவசரப்படுவது ப்ரூக்லினெல்லாவுக்குப் பயந்து. கோமாளி மீன் நோய் என்றே பெயர் வாங்கிய ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனின் உடம்பிலேயே ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிளந்து பெருகுவதால் வேகம் அதிகம். தோல் வெளுத்து, கோழை கோழையாக உரியும். கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓரிரு நாளில் மீன் போய்விடலாம். கடலில் பிடித்து வந்த மீன்களில் இது அதிகம். காப்பர் மருந்து இதற்குக் கேட்காது. ஃபார்மலின்தான், அதுவும் தனித் தொட்டியில், காற்றுக் குமிழி நன்றாக ஓடும்போது, ஏனென்றால் அது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும். மனிதருக்கும் நல்லதில்லை, கையுறை கட்டாயம்.

இவர்கள் பயப்படும் இன்னொரு ஒட்டுண்ணி நோய் வெல்வெட். உடம்பில் பொன் தூசி தூவியது போலத் தெரியும் என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தூசியை நம்பிக் காத்திருந்துதான் நான் ஏமாந்தேன். அது முதலில் தாக்குவது செவுளை. மூச்சு முட்டும் மீன் பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றுகொள்ளும். "பார், எவ்வளவு ஜாலியாக விளையாடுகிறது" என்று வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளையாட்டுக்கு நிற்கும் மீன் தீனி போட்டால் ஓடி வரும், இரவில் போய்ப் படுக்கும். இது இரண்டும் செய்யவில்லை. மூன்றாம் நாள் தூசி தெரிந்தபோது கைமீறிவிட்டது. இதற்குக் காப்பர் கேட்கும். ஆனால் பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் காப்பரை ஊற்றினால் அவை காலி. மீனை வெளியே எடுக்காமல் வழியே இல்லை. முக்கியத் தொட்டியிலேயே மருந்து ஊற்றலாமே என்று மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு; அதைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

அப்படியென்றால் எப்போதும் வலையே நல்லதா என்றால், அதுவும் சில மீன்களைக் கொன்றிருக்கிறது. அவசரத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்த வெறும் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. ஒரே நாளில் அம்மோனியா ஏறி, மீன் வேகமாக மூச்சு வாங்கும். நோய் முற்றிவிட்டது என்று நாம் மருந்தைக் கூட்டுவோம். முக்கியத் தொட்டிக்குள் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அதில் அந்தப் பாக்டீரியாவைக் குடியேற்றி வைத்திருப்பவர்தான் வலையைத் தைரியமாகத் தூக்கலாம். தவிர, நோய் உறுதியானால் ஒரு மீனை மட்டும் எடுப்பது அரைவேலை. மற்ற மீன்களையும் எடுத்து, தொட்டியை வாரக்கணக்கில் மீனில்லாமல் போடவேண்டிவரும்.

ஆகவே நான் நீச்சலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். செவுளையும் தோலையும் மட்டும் பார்க்கிறேன். மீன் அமைதியாக நிற்கும்போது கடிகாரம் வைத்து அரை நிமிடம் செவுள் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணுவேன். முதல் மாலை எண்ணிக்கை கூடுதலாக இருப்பது சகஜம். மறுநாள் காலை குறைந்திருந்தால் மீன் எப்படி ஆடினாலும் விட்டுவிடுவேன். ஏறியிருந்தாலோ, ஒரு பக்கச் செவுள் மட்டும் அடித்தாலோ, டார்ச்சைச் சாய்த்து அடிக்கும்போது தோலில் பால் படர்ந்தது போலத் தெரிந்தாலோ காத்திருப்பதில்லை. பழைய மீன்களும் சேர்ந்து மேலே வந்து வாயைத் திறந்தால் இரண்டு கட்சியும் தள்ளி நிற்கட்டும். அது தண்ணீர்ப் பிரச்சினை: அம்மோனியா, வெப்பம், மேல்மட்ட அசைவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புது மீன் மட்டும் சோர்ந்து கிடந்தால் கடைத் தண்ணீரின் உப்பளவையும் (நீரின் ஒப்படர்த்தி எண்ணாகச் சொல்வார்கள்) கேளுங்கள். கடைகளில் 1.020 அளவில் வைத்திருந்த மீனை நம் 1.025 நீரில் சட்டென்று விட்டால், ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கும்.

பிடிப்பது என்று முடிவானால் பகலில் பாறைகளைப் பெயர்த்துத் துரத்தாதீர்கள். கோமாளி மீன் இரவில் ஒரே இடத்தில்தான் தூங்கும். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து மங்கலான டார்ச்சோடு போய், வலைக்குப் பதில் ஒரு அகலமான கப்பைக் கீழிருந்து மெல்லக் கொண்டுவந்து மொண்டுவிடுங்கள். மெரூன் என்ற கோமாளி மீன் வகைக்குக் கன்னத்தில் முள் உண்டு. வலையில் சிக்கினால் எடுப்பதற்குள் மீனும் கிழியும், வலையும் கிழியும்.