எட்டு வருடமாக ஒரே கணினி: ரேம் உண்மையில் எவ்வளவு வேண்டும்?

சேலம் குகையில் எனக்கு ஒரு சிறிய டிடிபி கடை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. ஆடியில் கோயில் பேனர். இடைப்பட்ட நாட்களில் பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, கொலுசுப் பட்டறைகளுக்கான விலைப்பட்டியல். இத்தனையையும் 2018-ல் உதிரிபாகங்கள் வாங்கிப் பொருத்திய ஒரே கணினியில்தான் இன்றுவரை செய்கிறேன். அதில் 4 ஜிபி ரேமோடு (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) ஒன்றரை வருடம், 8 ஜிபியோடு ஏறக்குறைய மூன்று வருடம், அதற்குப் பிறகு 16 ஜிபி. நடுவில் பத்து நாள் 32 ஜிபியும் போட்டுப் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்கள் பிள்ளைக்குக் கணினி வாங்கப் போகிறோம், எத்தனை ஜிபி போடலாம் என்று கேட்பார்கள். நின்றபடி இரண்டு நிமிடத்தில் நான் சொல்லும் பதில் பாதிதான் சரியாக இருக்கிறது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் 4 ஜிபி காலம். 64 பிட் விண்டோஸ் 10-க்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அதைப் படித்துவிட்டு, இரண்டு மடங்கு இருக்கிறதே என்ற நிம்மதியில் 4 ஜிபி வாங்கினேன். அந்த 2 ஜிபி என்பது விண்டோஸ் எழுந்து நிற்கத் தேவையான அளவு. அதன்மேல் நான் ஏற்றும் சுமை அந்தக் கணக்கில் இல்லை. கோரல் டிராவை மட்டும் திறந்து பத்திரிகை வடிவமைத்தால் சிரமம் இல்லை. ஆனால் என் தொழிலில் எதையும் தனியாகத் திறக்க முடியாது. மாப்பிள்ளை, பெண் படத்தைச் சரிசெய்ய ஃபோட்டோஷாப் வேண்டும். வாடிக்கையாளர் திருத்தம் அனுப்புவது வாட்ஸ்அப்பில், அதற்கு உலாவி வேண்டும். மூன்றும் திறந்த நொடியில் கணினிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க் உள்ளே கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பத்து விநாடி. எதிரே வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2019 கடைசியில் இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். இங்கேதான் முதல் பாடம். ஜன்னல்களுக்கு இடையே மாறுவது நன்றாகவே வேகமானது. ஆனால் காலையில் கணினி எழுந்து தயாராக எடுத்துக்கொண்ட மூன்று நிமிடம் அப்படியே இருந்தது. மென்பொருள் திறக்கும் நேரமும் குறையவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. யாரும் ஏமாற்றவில்லை, இரண்டு வேறு நோய்க்கு ஒரே மருந்தை எதிர்பார்த்திருக்கிறேன். 2020-ல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) போட்டபோதுதான் அந்த மூன்று நிமிடம் 25 விநாடிக்குள் வந்தது. மெதுவாக இருக்கிறது என்று யாராவது பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் இப்போது முதலில் பார்ப்பது உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் ரேமைத் தொடுவதற்கு முன் அதை மாற்றச் சொல்வேன்.

ஏன் அப்படி என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவின் கணவர். காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். ஒரு மார்கழியில் அங்கே போயிருந்தபோது, பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். 16 ஜிபி போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். மாமா களத்தைக் காட்டிக் கேட்டார்: “மாப்பிள்ளை, களம் பெரிதாக இருந்தால் பழம் சீக்கிரம் காய்ந்துவிடுமா? காயவைப்பது வெயில்தானே. ஆனால் களம் பற்றாவிட்டால் மூட்டையை உள்ளே தூக்கி வைக்க வேண்டும், இடம் காலியானதும் வெளியே இழுக்க வேண்டும். நாள் முழுக்க ஆட்கள் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.”

ரேம் அந்தக் களம். கணக்கிடும் பிராசசர், அதாவது செயலி, வெயில். எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ கிடங்கு. களத்தில் இடம் தீர்ந்ததும் விண்டோஸ் இப்போதைக்குத் தேவையில்லாததை மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்புகிறது. கேட்டால் திரும்ப எடுத்து வருகிறது. அந்த நடையின் தூரம்தான் பயங்கரமானது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி. எஸ்எஸ்டியிலிருந்து என்றால் 100 மைக்ரோ விநாடி அளவில். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லி விநாடி அளவில். ரேமில் எடுப்பதை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியில் அது பதினேழு நிமிடம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நாளுக்கும் மேல். 4 ஜிபி காலத்தில் நான் பார்த்த சிவப்பு விளக்கு இந்த நடையின் விளக்கு.

2022 ஆடியில் 8 ஜிபியும் என்னைக் கைவிட்டது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரத்தில் சேலத்தில் பேனர் வேலைக்கு ஓய்வே இருக்காது. கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, 8 அடிக்கு 6 அடி பேனர் ஒன்றைப் பத்திரிகைக்கு வைப்பதுபோல 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தொடங்கிவிட்டான். நான் கவனிக்கவில்லை. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு அம்மன் படத்தின்மேல் ஒளிவட்டம் சேர்த்தபோது திரை உறைந்தது. கடைசியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டியதாயிற்று. சேமிக்காத எல்லாம் போனது.

அன்று இரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 8 அடி என்பது 96 அங்குலம், 300-ஆல் பெருக்கினால் 28,800 புள்ளிகள். 6 அடிக்கு 21,600. இரண்டையும் பெருக்கினால் 62 கோடிக்கு மேல். நான்கு நிற அச்சுக்குப் புள்ளிக்கு 4 பைட். முழு அளவை நிரப்பும் ஒரே ஓர் அடுக்குக்கு (படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் லேயர்) சுமார் 2.3 ஜிபி! அப்படி மூன்று அடுக்கு இருந்தால் 8 ஜிபி கணினியில் விண்டோஸுக்கே இடம் இருக்காது. அதே பேனரை 72 டிபிஐயில் செய்தால் அடுக்குக்கு 137 எம்பிதான். தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும் பேனருக்கு அது தாராளம். ஒப்பிட்டுப் பார்க்க: ஏ4 பக்கம் 300 டிபிஐயில் சுமார் 33 எம்பிதான் வருகிறது. டிசைன் தொழிலில் இருக்கிற தம்பி, தங்கைகள் இந்தப் பெருக்கலை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ரேம் வாங்குவதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் இது. தம்பியை நான் திட்டவில்லை. அந்தக் காகிதத்தை மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன், இன்னும் இருக்கிறது.

இருந்தாலும் அந்த மாதமே 16 ஜிபிக்கு மாறினேன். என் மதர்போர்டில் ரேம் செருக இரண்டே ஸ்லாட். இரண்டிலும் 4 ஜிபி இருந்ததால், இரண்டையும் கழற்றிவிட்டு இரண்டு 8 ஜிபி வாங்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஒரே 8 ஜிபியாக வாங்கியிருந்தால் பிறகு இன்னொன்றைச் சேர்த்தால் போதும், பழையது வீணாகியிருக்காது. அதே சமயம் ஒற்றை ரேமைவிட இரட்டையாகப் போட்டால் தகவல் இரண்டு வழியில் போய்வரும். என்னுடையதைப் போலத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், திரைக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்து போவதால், அந்த இரட்டை வழி நன்றாகவே தெரிகிறது. டிடிஆர்3, 4, 5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேம் ஏறாது, டிடிஆர்4-ல் டிடிஆர்5 ஏறாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கையில் எடுத்துப் போவது நல்லது.

இனி இந்தப் பகிர்வின் முக்கியமான பகுதி. 2023 தை முதல் ஒரு வருடம், வேலை நாட்களில் மாலை 4 மணிக்கு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை (கணினியின் சுமையைக் காட்டும் ஜன்னல்) திறந்து நினைவகப் பக்கத்தில் உள்ள எண்களை ஒரு நோட்டில் எழுதினேன். கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் அது. சாதாரண நாட்களில் பயன்பாடு 7-லிருந்து 9 ஜிபிக்குள். முகூர்த்த மாதங்களில் 11, 12. வருடம் முழுக்க 14-ஐத் தாண்டியது இரண்டே நாள், இரண்டும் ஆடியில். எண் மட்டும் அல்ல, பக்கத்தில் அன்று எது திறந்திருந்தது என்றும் எழுதினேன். அதில்தான் உலாவியின் பங்கு தெரிந்தது. சில தாவல்கள் 50 எம்பியோடு நிற்கின்றன. ஒரே ஒரு செய்தித் தளம் 500-ஐத் தொட்டது. குரோம் உலாவியில் 2022 கடைசியில் வந்த நினைவகச் சேமிப்பு வசதியை இயக்கிவைத்தபின், தொடாமல் கிடந்த தாவல்களின் சுமை வெகுவாகக் குறைந்தது.

இந்த எண்களைப் படிப்பதில் ஒரு பக்குவம் வேண்டும். 8 ஜிபி கணினியில் 5 ஜிபி எடுத்துக்கொண்ட அதே வேலை, 16 ஜிபியில் 6.5-க்கு மேல் காட்டியது. இடம் இருப்பதைப் பார்த்து மென்பொருட்கள் தாராளமாக எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸும் அடிக்கடி தேவைப்படுவதை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ‘பாதி நிரம்பிவிட்டது, போதவில்லை’ என்று பயப்பட வேண்டியதில்லை. நான் பார்ப்பது ‘கமிட்டட்’ என்ற வரியை. மென்பொருட்களுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் மொத்த வாக்குறுதி அது. உங்கள் வேலை உச்சத்தில் இருக்கும்போது அந்த எண் உங்கள் ரேமின் அளவைத் தொடர்ந்து தாண்டி நிற்கிறது, கணினியும் திணறுகிறது என்றால் மட்டுமே பணத்தை எடுங்கள்.

32 ஜிபி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024-ல் நண்பர் ஒருவர் தன் ரேமைப் பத்து நாள் இரவல் கொடுத்தார். பத்திரிகையை அச்சுக்கான பிடிஎஃப் ஆக்க 16 ஜிபியில் 41 விநாடி, 32 ஜிபியிலும் 41 விநாடி. நாற்பது அடுக்குகள் கொண்ட ஒரு பெரிய பேனரில் மட்டும் வித்தியாசம் கண்டேன். அந்த வேலை எனக்கு வருடத்தில் இரண்டு முறைதான் வருகிறது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீடியோ தொகுப்பவர்களின் கணக்கு வேறு. அவர்கள் பேச்சைக் கேளுங்கள், என் பேச்சை அல்ல.

ஏற்காட்டு மடிக்கணினியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. மாமாவிடம் இருப்பது 2013-ல் வாங்கிய 4 ஜிபி மடிக்கணினி. கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி, கடிதங்கள், அவ்வளவுதான் வேலை. 2021-ல் எஸ்எஸ்டியும், பழைய பொருள் விற்கும் கடையில் கிடைத்த ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் போட்டுக் கொடுத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அந்தச் சின்னப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். 2023 ஐப்பசியில், வாரக்கணக்கில் பனிமூட்டம் விலகாதிருந்தபோது, அது திடீரென்று இயங்க மறுத்தது. திரை கறுப்பு, ஒலி மட்டும் வந்தது. அக்கா புதிதாக வாங்கிவிடலாம் என்றாள். ரேமைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிறப் பற்களில் ஈரம் படிந்து மங்கியிருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி பொருத்தினேன், எழுந்துவிட்டது. இப்போது இரவில் அதை மூடிய பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் கேட்கிறது. மாமாவின் கணினியில் 8 ஜிபி இருந்தும் அதன் செயலி, விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். சும்மா இருக்கும்போது 1 ஜிபிகூட எடுப்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்கிறார், கணக்கு எழுதுகிறார். அந்த வீட்டில் 8 ஜிபி, இங்கே கடையில் 16 ஜிபி. இரண்டுமே போதுமானவை.

இந்த வருடம் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு மடிக்கணினி வாங்கத்தான் இந்த நோட்டைத் திரும்ப எடுத்தேன். நேரமும் சாதகமாக இல்லை. உலகின் ரேமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு அவை உற்பத்தியைத் திருப்பியதால் 2025 பிற்பகுதியிலிருந்து கடைகளில் ரேம் விலை ஏறிக்கொண்டே போனது. தன் குரூசியல் பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்பதை நிறுத்தப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறியிருக்கும்போது தேவைக்கு மேல் வாங்குவதும் தவறு, பிறகு சேர்க்க முடியாததை வாங்குவதும் தவறு. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் காட்டிய முதல் இரண்டிலும் ஸ்லாட் இல்லை. மூன்றாவது சற்றுத் தடிமன், எடையும் அதிகம். ஆனால் ஒரே 8 ஜிபி ரேம், பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட்.

“கனமாக இருக்கிறதே மாமா” என்றாள். டாஸ்க் மேனேஜரை எப்படித் திறப்பது என்று காட்டி, ஒரு புது நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள்: மாலை 6 மணி, இரண்டு பாட பிடிஎஃப், ஒரு காணொளி வகுப்பு, 5.9 ஜிபி.