காரைக்குடிப் பக்கம் ரெட் ஆக்சைடு வாங்குகிறவர்கள் கவனிக்க

செட்டிநாட்டுப் பக்கம் கிளேஸ் (மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) சொந்தமாகக் கலக்குகிறவர்கள் யாராவது இருந்தால், அதற்கு நிறம் தர, கடையில் உதிரியாக நிறுத்துத் தரும் ரெட் ஆக்சைடை, அதாவது சிவப்பு இரும்பு ஆக்சைடுப் பொடியை, சோதிக்காமல் சூளைக்குள் ஏற்றாதீர்கள். எனக்கு ஒரு சூளைக் கோப்பைகள் போச்சு.

எப்போதும் சென்னையிலிருந்து வரவழைப்பேன். இந்த முறை சரக்கு வரத் தாமதமானதால் காரைக்குடியில் ஒரு பெயின்ட் கடையில், கிளேஸுக்கு என்று சொல்லியே கேட்டேன். "சுத்தமான அயர்ன் ஆக்சைடும்மா, ஆத்தங்குடி கல்லுக்கே இதுதான் போகுது" என்றார். விலையும் ஒன்றும் மலிவில்லை.

8 சதவீதம் கலந்து மின்சூளையில் 1220 டிகிரிக்குச் சுட்டேன். அவ்வளவு இரும்பு இருந்தால் கரும்பழுப்பு வந்தாக வேண்டும். வந்தது வெளிறிய தேன் நிறம், மேலெல்லாம் ஊசித் துளை. போதாததற்குக் கிளேஸ் வழிந்து கோப்பைகள் சூளைக்குள் அடுக்கும் தட்டோடு ஒட்டிக்கொண்டன. உளி வைத்துத் தட்டினால் தட்டும் சேர்ந்து பெயர்கிறது. பக்கத்திலேயே பழைய பொடி போட்டு வைத்திருந்த மாதிரி வில்லை மட்டும் நல்ல கரும்பழுப்பில் இருந்தது. சூளை மேல் பழி போட வழியில்லை.

மிச்சப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புத் தூள்! இரும்பு ஆக்சைடு அப்படிப் பொங்காது. துளைக்கும் வழிசலுக்கும் இந்தச் சுண்ணாம்பே போதும். பிறகு பழைய கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். புகைந்து, கருகி, சாம்பல் பூத்தது. நல்ல சரக்கு சூட்டில் கறுத்தாலும் ஆறினால் சிவப்புக்குத் திரும்பும், கருகுவது சாயம். மஞ்சள் ஆக்சைடு என்றால் இன்னும் சுலபம், அசல் பொடி சூடேறியதும் சிவந்துவிடும்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "தரைக்குப் போடுற பொடிய அடுப்புல வச்சா நான் என்னம்மா பண்றது?" என்கிறார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘கலர் பொடி’ என்றுதான் எழுதியிருக்கிறார். பணம் திரும்பவில்லை.

தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடி கல் சிமென்ட் கல். தண்ணீரில் ஊறப் போடுவார்களே தவிரச் சுடுவதில்லை. அதனால் இந்தக் கலப்படம் அங்கே உடனே பிடிபடாது. கல் போடுகிற அண்ணன்மாரும் அந்தக் கரண்டிச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது; மட்டமான சாயம் சிமென்டின் காரத்திலும் வெயிலிலும் வெளுத்துவிடும்.

ஒட்டாமல் தப்பிய சில கோப்பைகளைக் குறைந்த விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் ஈயம் உள்ளவையும் உண்டு. இந்தப் பொடியில் வேறு என்ன இருக்கிறதென்று ஆய்வகத்தில் பார்க்காமல் ஒருவருக்கு அதில் எப்படிக் காபி ஊற்றிக் கொடுப்பது?