கியோட்டோ பந்து சாமி கோயில், போயிட்டு வந்து சொல்லுதேன்

எங்க அண்ணன் மவன் பாளையங்கோட்டைல ஸ்கூல் வாலிபால் டீம்ல ஆடுதான், நான் வேலை விஷயமா ஜப்பான் போறேன்னதும் சித்தப்பா அங்க பந்துக்குன்னே ஒரு சாமி இருக்காம்லா எனக்கு ஒரு தாயத்து வாங்கிட்டு வாங்கன்னு ஒரே நச்சரிப்பு, சரின்னு கியோட்டோல லீவு கெடச்ச அன்னைக்கு போனேன். பேரு ஷிராமினே ஜிங்கு. சப்வேல இமாதேகவா ஸ்டேஷன்ல எறங்கி மேக்க பாத்து பத்து நிமிஷம் நட, டிக்கெட் கெடையாது.

நெல்லையப்பர் கோயில பாத்த கண்ணுக்கு இது தெருமுக்கு கோயில் சைஸுதான். ஆனா சாமி முன்னால ஃபுட்பால், வாலிபால்னு குவிஞ்சு கெடக்கு, டீம் டீமா வந்து வச்சிட்டு போயிருக்காவ. நாம ஆயுத பூஜைக்கு பந்துக்கு சந்தனம் குங்குமம் வைப்போம்லா, அங்க அது வருஷம் பூராவும்னு வச்சுக்கிடுங்க. கை வாய் கழுவிட்டு, காசு போட்டு, ரெண்டு தடவ குனிஞ்சு ரெண்டு தடவ கைதட்டி வேண்டிக்கிட்டு திரும்ப ஒருக்க குனியணும். நான் பழக்கதோஷத்துல கன்னத்துல போட்டுக்கிட்டேன், பக்கத்துல நின்ன பாட்டிக்கு ஒரே சிரிப்பு.

கதைதான் சூப்பர். இந்த எடம் முன்ன அசுகாய்னு ஒரு குடும்பத்துக்காரவ வீடு, கெமாரின்னு ஒரு பந்தாட்டத்துல அவுக பெரிய வாத்தியாருக, பந்து சாமி அவுக வீட்டு சாமி. மான் தோல் பந்த கீழ விழாம காலால தட்டித் தட்டி மாத்திக்கிடணும், அவ்வளவுதான், ஜெயிச்சவன் தோத்தவன்லாம் கெடையாது. 1868ல அதே எடத்துல சுதோகு ராஜாவுக்கும் கோயில் கட்டிருக்காவ. அவரு 1156ல நடந்த ஒரு சண்டைல தோத்து, தலைநகர விட்டு தூரமா தொரத்தி, போன எடத்துலயே செத்தவரு, ஆவியா வந்து பழிவாங்குதாருன்னு ஊரே நடுங்கிருக்கு. கோவத்தோட செத்தவுகளுக்கு பீடம் போட்டு கொடை குடுக்குத ஊர்க்காரனுக்கு இத வெளக்கணுமா என்ன. ஆனா பாருங்க, தோத்த ராஜா, ஜெயிப்பே இல்லாத ஆட்டம், அங்க போயிதான் அம்புட்டு பேரும் ஜெயிக்கணும்னு வேண்டுதாவ!

ஏப்ரல் 14, ஜூலை 7 ரெண்டு நாளும் பழைய காலத்து உடுப்புல கெமாரி ஆடிக் காட்டுவாவ, முடிஞ்சா அப்ப போங்க, நான் போனப்ப அது இல்ல. மத்த நாளுன்னா அரை மணி நேரம் போதும், வெளையாட்டுல இஷ்டம் இல்லாதவுகள கூட்டிட்டு போனா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிடுவாவ. அஞ்சுக்கு நாலு குடுக்கேன்.

தாயத்த பய கிட்பேக்ல கட்டிக்கிட்டு போயி மொத மேட்சே தோத்துட்டு வந்தான். வருஷம் முடிஞ்சா தாயத்த அந்த கோயில்லயே திருப்பிக் குடுக்கது வழக்கமாம், இத சொன்னதுல இருந்து மதினி என்னையவே பாக்காவ, டிக்கெட்டு யாரு போடுவா?